அப்பாவின் மோட்டார் நேராக ஓடட்டும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் பழைய மோட்டாரைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் முதலில் வண்டியின் எண்ணைச் சொல்வார்கள். அப்புறம்தான் அது யாருடைய வண்டி என்ற கதை வரும். பெரட்டுக்குப் போக விடியுமுன் உதைத்துக் கிளப்பிய மோட்டார் அது. முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் அம்மாவும் கைக்குழந்தையும் உட்கார, சம்பள நாளில் பட்டணத்துக்குப் போய்வந்த மோட்டார். செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பத்தையும் அரிவாளையும் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு செம்மண் சடக்கில் குலுங்கிப் போன மோட்டார்.

லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது பல குடும்பங்கள் கட்டிலையும் அலமாரியையும்கூட விட்டுவிட்டு வந்தன. மோட்டாரை விடவில்லை. அது இன்று வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கிறது. இப்போது முப்பது வயதை எட்டிய பிள்ளைகள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், "அப்பாவின் வண்டியை மறுபடியும் ஓட வைக்க வேண்டும்" என்று கிளம்பியிருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அந்த ஆசை பெரும்பாலும் எங்கே ஆரம்பிக்கிறது? சாயத்தில் ஆரம்பிக்கிறது. அடுத்து குரோம், அதற்கடுத்து எஞ்சின், கடைசியாகச் சீட்டு உறை. வண்டியை நேராகப் பிடித்து வைத்திருக்கும் முன் ஃபோர்க்கைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அந்த ஃபோர்க்கைப் பற்றியது. மெக்கானிக் வேலை தெரியாதவர்களும் படிக்கலாம். ஏனென்றால், வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும், என்ன செய்யச் சொல்ல வேண்டும், செய்து முடித்ததை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது வண்டி ஓட்டப்போகும் உங்கள் பொறுப்பு.

கப்சாய் வந்த கதை

நாம் 'கப்சாய்' என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பெயரே கலப்பில் பிறந்தது. ஹோண்டா 'கப்' என்ற பெயரோடு, 'சின்னது' என்ற பொருளில் கண்டோனிஸ் மொழியில் வரும் 'சாய்' சேர்ந்துகொண்டது. ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை 1958இல் ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூதான் ஹோண்டா மோட்டார்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அந்த வரிசை வண்டிகளின் உலக உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. வரலாற்றிலேயே மிக அதிகமாகத் தயாரான மோட்டார் வாகனம் அதுதான்.

பின்னர் 1985இல் யமாஹா ஆர்.எக்ஸ்.ஸெட் வந்தது. 133 சிசி, டூ ஸ்ட்ரோக். அந்தக் காலத்து இளைஞர்களுக்கு அது வெறும் வண்டியல்ல, கௌரவம். 2011 வரை மலேசியாவில் அதன் உற்பத்தி தொடர்ந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ்.ஸெட் ஒன்று புது வண்டியின் விலையைத் தாண்டிப் போகிறது. இவை தவிர, பழைய பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப் போன்ற ஆங்கிலேய வண்டிகளையும், 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டையும் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் உண்டு.

இவற்றின் முன் ஃபோர்க்குகள் எல்லாம் ஒன்றல்ல. பழைய கப்சாயில் தகட்டை அழுத்திச் செய்த ஃபோர்க் இருக்கும். அதன் அடியில் இரண்டு சிறிய கைகள் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும். ஆர்.எக்ஸ்.ஸெட், புல்லட் போன்றவற்றில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்கி ஏறும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க். உள்ளே எண்ணெயும் ஸ்பிரிங்கும் இருக்கும். எண்ணெயால் அதிர்வை அடக்கும் இந்த வகையை விற்பனைக்கான வண்டிகளில் முதலில் பொருத்தியது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், 1935இல். அதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க்கின் நிம்பஸ் வண்டியில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்துவிட்டது. இன்று நாம் சாலையில் பார்க்கும் பெரும்பாலான மோட்டார்களின் முன்பகுதி அந்த யோசனையின் வாரிசுதான்.

தோட்டத்து வண்டி ஏன் கோணுகிறது?

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல்தான் பெயர் மாறியது. அங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பெயரோ தென்னமரம், புகழோ செம்பனையால் வந்தது! அவரே பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். நமக்கு இங்கே வேண்டியது அந்தச் செம்பனையின் பின்விளைவு. குலைகளை ஏற்றிய கனரக லோரிகள் செம்மண் சடக்கை உழுதுவிட்டுப் போகும். மழை பெய்தால் பள்ளம் தெரியாது. சடக்கின் இரு பக்கமும் வடிகால் வாய்க்கால். இந்தப் பாதையில் இருபது முப்பது வருடம் ஓடிய வண்டி எத்தனை முறை பள்ளத்தில் இறங்கியிருக்கும், எத்தனை முறை வாய்க்காலில் சாய்ந்திருக்கும் என்று யோசியுங்கள்.

அதோடு பாரம். பால் வாளி, அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, முன் கூடையில் காய்கறி. விழுந்த வண்டியை நிமிர்த்தி, முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை ஒரு திருப்பு திருப்பி நேராக்கிவிட்டு வேலைக்குப் போனார்கள். அன்றைக்கு அதுதான் முடிந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டறையில் காத்திருக்க முடியாது. ஆகவே, அப்பாவின் மோட்டாரைப் பிரிக்கும்போது அதன் ஃபோர்க் நேராகத்தான் இருக்கும் என்று நம்பித் தொடங்காதீர்கள். கோணலாக இருக்கும் என்று எண்ணித் தொடங்குங்கள்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் சென்றவர்கள். அந்தக் காலத்துச் சடக்கில் அப்பா மெதுவாக ஓட்டினார். நீங்கள் ஓட்டப்போவதோ கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாகச் சபாக் பெர்ணம் வரை நீளும் கூட்டரசுச் சாலை 5இல், லோரிகளுக்கு நடுவில். அன்று பொறுத்துக்கொண்ட கோணலை இந்தச் சாலை பொறுக்காது.

கோணல் எப்படித் தெரியும்?

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் சில அறிகுறிகள் உண்டு. நேராகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் ஃபோர்க் உடனே இறங்காமல், சிக்கிக்கொண்டு பிறகு 'டக்'கென்று இறங்கும். எத்தனை முறை சீல் மாற்றினாலும் ஒரே பக்கத்தில் எண்ணெய் கசியும். முன் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

வானொலியில் வேலை செய்கிற எனக்கு இடது, வலது ஒலிகளின் அளவு சமமாக இல்லையென்றால் காது உடனே சொல்லிவிடும். ஃபோர்க்கும் அப்படித்தான். இடது கால், வலது கால் இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்று மட்டும் நன்றாக இருந்து பயனில்லை.

அடியில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரை வரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். டயர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் சக்கரம் தானாக நேராகிக்கொள்கிறது. பேரங்காடியில் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், நீங்கள் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதும் இதனால்தான். ஃபோர்க்கோ, அதைத் தாங்கும் சட்டத்தின் கழுத்தோ வளைந்தால் இந்த இடைவெளி மாறிவிடும். வேகம் கூடும்போது வண்டி அலைபாயக் காரணம் அதுதான்.

பிரித்த பிறகு: குழாய் சோதனை

டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை முழுதாகக் கழற்றிய பிறகு, குழாய்களைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். தடிமனான சமதளக் கண்ணாடி ஒன்றின்மேல் குழாயை வைத்து மெதுவாக உருட்டுங்கள். நேரான குழாய் அமைதியாக உருளும். வளைந்த குழாய் தத்தித் தத்திப் போகும். கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் வந்து வந்து மறையும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை.

துல்லியமாகப் பார்க்க, குழாயை இரண்டு 'வி' வடிவக் கட்டைகளின்மேல் கிடத்தி, நடுவில் டயல் கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு. பல ஜப்பானிய வண்டிகளின் கையேடுகளில் இதற்கான எல்லை 0.2 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே சட்டம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. வளைந்த குழாயை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்த யாரையும் அனுமதிக்காதீர்கள். சூடு பட்ட இரும்பின் உறுதி மாறிவிடும். குரோம் பூச்சும் கெடும். வெளியே பளபளவென்று இருக்கும், ஆனால் அடுத்த பெரிய பள்ளத்தில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேசான வளைவு என்றால், காய்ச்சாமல் அழுத்த இயந்திரத்தில் வைத்து நிமிர்த்தத் தெரிந்த பட்டறைகள் உண்டு. மடிப்பு விழுந்த குழாய், கீறல் தெரியும் குழாய், துரு குழி விழுந்த குழாய் எதுவானாலும் நிமிர்த்தும் பேச்சே வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

"அது அப்பா வைத்திருந்த குழாய் ஆயிற்றே" என்று மனம் கேட்காது. புரிகிறது. அதைச் சுத்தம் செய்து சுவரில் மாட்டி வையுங்கள். வண்டியில் மாட்ட வேண்டாம்.

இரண்டு பிடிகளும் ஒரு கண்ணாடித் துண்டும்

குழாய்கள் நேராக இருந்தால் மட்டும் போதாது. அவற்றை மேலேயும் கீழேயும் பிடித்திருக்கும் இரண்டு பிடிகள் முறுக்கிக்கொண்டிருக்கலாம். வண்டி பக்கவாட்டில் விழுந்து சக்கரம் எதிலாவது இடித்தால் முதலில் கோணுவது பெரும்பாலும் இவைதான். முறுக்கிய பிடியில் புதுக் குழாயைப் போட்டாலும் அது கோணலாகத்தான் நிற்கும். காசும் போய், வேலையும் கெடும்.

சோதனை சுலபம். இரண்டு குழாய்களையும் பிடிகளில் மாட்டி, மேலே ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்து லேசாக இறுக்குங்கள். இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே பதியும் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டை வெட்டி, ஓரங்களைத் தேய்த்து மழுக்கிக்கொண்டு, குழாய்களின் முகப்பில் வையுங்கள். நான்கு மூலைகளும் குழாயைத் தொட வேண்டும். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பி 'டக் டக்' என்று ஆடினால், குழாய்கள் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள்.

ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். பிடிகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெதுவாகத் திருப்பி மறுபடியும் வைத்துப் பாருங்கள். பல நேரங்களில் பிடி முறுக்கியிருக்காது, போல்ட் பிடித்த நிலையில் குழாய் நழுவியிருக்கும். தளர்த்தியும் சரியாகவில்லை என்றால் பிடிதான் முறுக்கியிருக்கிறது. அலுமினிய வார்ப்புப் பிடியை நிமிர்த்தக் கூடாது, விரிசல் விடும். மாற்றுவதுதான் வழி.

அடுத்து, இரண்டு குழாய்களுக்கும் இடையிலான தூரத்தைக் கீழ்ப் பிடிக்குப் பக்கத்தில் ஒரு முறையும், குழாயின் அடிப்பகுதியில் ஒரு முறையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குழாய்கள் இணையாக நிற்கின்றன. கண்ணாடி முன்பின் கோணலைக் காட்டும், இந்த அளவு பக்கவாட்டுக் கோணலைக் காட்டும். இரண்டும் தேவை.

கழுத்து பேரிங்கை மறந்துவிடாதீர்கள்

ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் பேரிங் இருக்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் தனித்தனி இரும்புக் குண்டுகள்தான். பல வருடம் நேர் திசையிலேயே ஓடியதால், குண்டுகள் தங்கள் கிண்ணத்தில் குழி பறித்திருக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் வரும்போது 'கிளிக்' என்று உட்கார்ந்தால் கிண்ணங்களையும் குண்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இறுக்கும் அளவுக்கும் ஒரு பக்குவம் உண்டு. தளர்வாக விட்டால் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று முன்பக்கம் அடிக்கும். அதிகம் இறுக்கினால் வண்டி நேராகப் போகாமல் மெல்ல மெல்ல இரு பக்கமும் அலையும். சக்கரம் தரையைத் தொடாத நிலையில், ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் அது தன் எடையிலேயே ஒரு பக்கம் போய்ச் சாய வேண்டும். அதே நேரத்தில் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது.

பூட்டும் வரிசைதான் ரகசியம்

எல்லாப் பாகமும் நன்றாக இருந்தும் பல வண்டிகள் கோணலாக ஓடுவதற்குக் காரணம், பூட்டிய வரிசை. ஒவ்வொரு போல்ட்டையும் கண்டவுடன் முழுதாக இறுக்கிக்கொண்டே போனால், குழாய்கள் தங்கள் இடத்தைத் தேடிக்கொள்ள வழியில்லாமல் போகும்.

கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, பொதுவான முறை இதுதான். குழாய்களை ஒரே உயரத்தில் வைத்து, கீழ்ப் பிடியின் போல்ட்டுகளைக் குழாய் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மேல் பிடியையும் மட்கார்டைத் தாங்கும் போல்ட்டுகளையும் தளர்வாகவே விடுங்கள். சக்கரத்தையும் அச்சாணியையும் மாட்டி, அச்சாணி நட்டை இறுக்குங்கள். ஆனால் அச்சாணியைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் போல்ட்டை இறுக்காதீர்கள்.

இப்போது வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை அழுத்தி ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக இறக்கி ஏற்றுங்கள். அப்போது தளர்ந்திருக்கும் கால், அச்சாணியின்மேல் நகர்ந்து தனக்குரிய இடத்தில் போய் உட்காரும். அதற்குப் பிறகு கீழிருந்து மேலாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் அச்சாணியின் கவ்வு போல்ட், அடுத்து கீழ்ப் பிடி, அடுத்து கழுத்தின் உச்சி நட், அதன் பிறகு மேல் பிடி, கடைசியாக மட்கார்டு. டார்க் ஸ்பேனர் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். கைப்பலத்தை நம்பி இறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் ஒன்றை இரண்டு முறை பார்க்க வேண்டும். பிரேக் தட்டு சுழலாமல் தடுக்க, ஃபோர்க் காலில் ஒரு புடைப்பு இருக்கும். பிரேக் தட்டின் பள்ளம் அதில் சரியாகப் போய் உட்கார வேண்டும். சில வண்டிகளில் அதற்குப் பதிலாக ஒரு கம்பி பூட்டியிருக்கும். இதை விட்டுவிட்டால், முதல் முறை பலமாகப் பிரேக் பிடிக்கும்போது தட்டும் சேர்ந்து சுழன்று, சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும்.

எண்ணெயும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கண்ணளவில் ஊற்றாமல், அளவுக் குவளையில் ஊற்றுங்கள். எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பது பழைய வழக்கம். கையேட்டில் சொன்ன ஃபோர்க் எண்ணெயையே வாங்குங்கள். ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கப்சாய்க்குத் தனிக் கவனம்

பழைய கப்சாயில் உருட்டிப் பார்க்கக் குழாய் இல்லை. அங்கே பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, தகட்டு ஃபோர்க்கின் உட்புறத் துரு. சாயத்துக்கு அடியில் தகடு அரித்திருந்தால் விரலால் அழுத்தினாலே தெரியும். கடற்கரைப் பக்கம், ஜெராம், தஞ்சோங் காராங் வட்டாரத்தில் ஓடிய வண்டிகளில் உப்புக் காற்றின் வேலையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, அடியிலுள்ள சிறிய கைகள் ஆடும் புஷ்கள். அவை தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, இரண்டு கைகளும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்பது. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் சக்கரம் சாய்ந்துவிடும்.

இந்த வகை ஃபோர்க்கில் முன் பிரேக் பிடித்தால் வண்டியின் முன்பக்கம் இறங்காமல் மேலே எழும்பும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். அது அந்த அமைப்பின் இயல்பு.

நூல் பிடித்துப் பார்ப்பது

கொத்தனார் சுவரை நூல் பிடித்துப் பார்ப்பதைப்போல, மோட்டாரையும் பார்க்கலாம். முதலில் செயின் பக்கம் பின் சக்கரம் நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது கோணலாக இருந்தால் அடுத்துச் செய்வது எல்லாம் தப்பாகிவிடும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு நீள நூலைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, இரு பக்கமும் முன்னால் இழுத்து, பின் டயரின் பின் ஓரத்தையும் முன் ஓரத்தையும் தொடுமாறு நேராகப் பிடியுங்கள். முன் சக்கரத்தை நேராக வைத்து, நூலுக்கும் முன் டயருக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். முன் டயர் ஒல்லியாக இருப்பதால் இடைவெளி இருக்கும். அது இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும்.

பிறகு நான்கைந்து அடி தள்ளி, வண்டிக்கு நேர் முன்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். முன் சக்கரம் மட்டும் சாய்ந்து தெரிந்தால் ஃபோர்க்கில் இன்னும் வேலை இருக்கிறது. சக்கரம் சாயாமல், முழுதாக ஒரு பக்கம் தள்ளி நின்றால், அச்சாணியில் போட வேண்டிய இடைவளையம் மாறியிருக்கலாம். அல்லது வண்டியின் சட்டமே வளைந்திருக்கலாம். சட்டம் வளைந்திருந்தால் அதற்கென்று உள்ள பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சாலைக்கு இறக்கும் முன்

காசு செலவழிக்கும் முன்பே ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் சரிபாருங்கள். அப்பா காலமாகி, வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுப் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் "சும்மா ஒரு சுற்று" என்று பொதுச் சாலையில் இறங்க வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகு, முதல் ஓட்டம் வாகனம் குறைந்த நேரத்தில், காய்ந்த சாலையில், மெதுவாக இருக்கட்டும். ஹேண்டிலை விடாமல், பிடியை மட்டும் இலேசாக்கிப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது. மெதுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டொக்' என்ற சத்தம் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இந்த வேலையைக் கையளவிலும் காதளவிலும் கற்றுக்கொண்ட பெரியவர்கள் இன்னும் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். புத்தகமில்லாமல், பிரித்துப் பூட்டியே கற்றவர்கள் அவர்கள். இன்றைய பிள்ளைகளுக்கோ அளவுக் கருவியும் கையேடும் மலேசியத் திறன் சான்றிதழுக்கான வகுப்பும் எட்டும் தூரத்தில் உள்ளன. இந்த இரண்டு தலைமுறையும் ஒரே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பழைய வண்டிகளின் விலை ஏற ஏற, அதைச் சரியாகப் பூட்டத் தெரிந்தவனின் கூலியும் ஏறும். வீட்டில் ஸ்பேனரை எடுத்து நோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை "படிக்கிற வேலையைப் பார்" என்று விரட்டும் முன், இதுவும் ஒரு படிப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த விடுமுறை நாளில் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் வண்டியை வெளியே தள்ளி வாருங்கள். சாயக் கடைக்கு இப்போதே போக வேண்டாம். வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்பா உயிரோடு இருந்தால் அவரையும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த வாய்க்காலில், எந்த வருடம் விழுந்தது என்று அவருக்குத்தான் தெரியும். எந்தப் பக்கக் குழாயை முதலில் சோதிக்க வேண்டும் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.